குங்குமம் வைத்த கூண்டு

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தேவசகாயம் கேட்டார். என்னோடு பல வருடம் வெல்டிங் பார்த்தவர், இப்போது பட்டறையை நடத்துகிறவர். அவர் கேட்டால் மறுக்க முடியாது. கண்ணில் புரை விழுந்து நான் கம்பியைக் கீழே வைத்ததிலிருந்து எனக்கும் பொழுது போகவில்லை. கைதான் ஓய்ந்திருக்கிறது, வாய் ஓயவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். பைப்பை எப்படி வளைப்பது, தகடு எவ்வளவு கனம் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைத் தேவசகாயத்திடம் கேளுங்கள். முதலில் திட்டுவார், பிறகு சொல்லித் தருவார்.

உங்களில் மூன்று பேராவது என்னைப் பார்த்தவுடன் கேட்டது ஒரே கேள்வி. பந்தயக் காருக்கு எந்தக் கூண்டு நல்ல கூண்டு? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். தெரியாததால்தான் ஒரு கூண்டின் கதையை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் லாரி கேபினும் டிராக்டர் டிரெய்லரும் கட்டிக்கொண்டிருந்த பட்டறை இது. சில வருடங்களுக்கு முன்புதான் இளவட்டங்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து, உள்ளே ரோல் கேஜ் வைத்துக் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கார் தலைகீழாகப் புரண்டால் கூரைத் தகரம் அப்பளம்போல நொறுங்கிவிடும். அப்படி நொறுங்காமல் உள்ளே இருக்கிறவனைச் சுற்றி நின்று தாங்குகிற இரும்புப் பைப் கூண்டுதான் அது. கோயம்புத்தூர் வரைக்கும் அலைய முடியாதவர்கள் எங்களிடம் வந்தார்கள். நாங்களும் கேட்டு, படித்து, அடிபட்டுக் கற்றுக்கொண்டோம்.

வருகிற எல்லோரும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். ஏதோ வெளிநாட்டுக் கார், உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பைப்புகள். "இதே மாதிரி வேணும் அண்ணாச்சி." நான் படத்தைப் பார்க்கவே மாட்டேன். "இந்தக் கார்ல ஒன்னத் தவிர வேற யாரு உக்காருவா?" என்றுதான் கேட்பேன். இந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்த இசக்கிமுத்துவிடமும் அதையேதான் கேட்டேன். அம்பாசமுத்திரத்தில் சொந்தமாகக் கார் ரிப்பேர் கடை வைத்திருந்த பையன். பின்சக்கரத்தால் ஓடுகிற ஒரு பழைய காரை வாங்கி, டிரிஃப்ட் விளையாட ஆசைப்பட்டான். வண்டியை வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவிட்டு, டயர் புகையப் புகைய வளைவில் திருப்புகிற விளையாட்டு அது. எனக்கு அதில் என்ன அழகு என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அவன் ஓட்டும்போது பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன்.

"எங்கம்மா உக்காருவா அண்ணாச்சி. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும்லா" என்றான்.

"பந்தயத்துக்குப் போறப்ப தலையில ஹெல்மெட் இருக்கும். அம்மாவக் கூட்டிட்டு வாறப்ப?"

"அதுக்கு எதுக்கு ஹெல்மெட்?"

கைவிரலை மடக்கி அவன் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். "ஏலே, இது என் விரலு. பஸ்காரன் சடன் பிரேக் போட்டு நீ பின்னால போயி முட்டுதன்னு வையி, ஒந்தலைக்குப் பக்கத்துல இரும்புப் பைப்பு இருக்கும். ஒங்கம்மா தலைக்கும் பக்கத்துல இருக்கும். ஒன்னக் காப்பாத்த வச்ச கூண்டு ஒங்கம்மாவ அடிச்சிரும்."

அவன் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தான். நான் இரண்டு வழி சொன்னேன். ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்றால் இருக்கைக்குப் பின்னால் ஒரு வளைவு மட்டும், போல்ட்டு போட்டு மாட்டுகிற மாதிரி. பின்சீட்டு கிடையாது, ஓட்டத்தில் வேகமும் கூடாது. முழுக் கூண்டு வேண்டும் என்றால் காரின் உடம்போடு சேர்த்து வெல்டிங் வைத்துத் தருவேன், அந்தக் கார் அன்றோடு ரோட்டுக்கு இல்லை, டிரெய்லரில் ஏற்றித்தான் பந்தயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரெண்டும் கெட்டானாக எதையும் நான் செய்ய மாட்டேன் என்றேன். அடுத்த வாரம் வந்து, "முழுசே வையுங்க அண்ணாச்சி. அம்மா பஸ்லயே வந்துக்கிடுதாளாம்" என்றான்.

அந்த அம்மாவை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை. ஆனால் கூண்டைத் தேர்ந்தெடுத்ததில் பாதி அவர் என்று நினைத்துக்கொண்டேன். அவனைப் பந்தய இருக்கையில் உட்காரவைத்து, ஹெல்மெட் போடச் சொல்லி, பெல்ட்டை இறுக்கி, அதற்குப் பிறகுதான் அளவெடுத்தேன். தையற்காரன் செருப்போடு அளவெடுக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். ஹெல்மெட் இல்லாமல் அளவெடுத்து, போட்டபின் பைப்பில் தலை இடிக்கிற கூண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயில் செய்த கூண்டுகளையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவனைப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, பார்த்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கோவைப் பக்கம் நடந்த ஒரு பந்தயத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கேதான் அது நடந்தது. வளைவில் வழுக்கிக்கொண்டு போன வண்டியின் பின்சக்கரம் தடத்தின் ஓரத்து மண்ணில் கொத்திக்கொண்டது. அப்படியே தூக்கி எறிந்தது. எத்தனை முறை புரண்டது என்று நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நின்றபின் திறந்தேன். வண்டி தலைகீழாகக் கிடந்தது. புழுதி அடங்குவதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது, பிறகு ஹெல்மெட் வந்தது. எழுந்து நின்றான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை, இன்றைக்கும் வெட்கமில்லை.

கூரை காணாமல் போயிருந்தது, கூண்டு நின்றிருந்தது. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற படம் எல்லாச் செல்போனுக்கும் போயிற்று. பாளையங்கோட்டை அண்ணாச்சி செய்த கூண்டு என்று யார் யாரோ கூப்பிட்டுப் பேசினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அந்த நேரத்தில் பந்தய வண்டிகளைச் சோதிக்கிற பெரியவர் ஒருவர் வந்தார். பேர் கேட்டுக்கொள்ளவில்லை, இன்றுவரை தெரியாது. கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா. கூண்டைச் சுற்றிப் பார்த்தார், பெரிய வளைவின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. இதோட இது முடிஞ்சுதுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "லேசாத்தானே வளைஞ்சிருக்கு? இந்த ஒரு பைப்ப மாத்துனா..."

"வளைஞ்சது தெரியுதுங்க. வளையாம நிக்கிற பைப்புக்கு உள்ளே என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது. அவர் டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் லோடு ஆட்டோ ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. முன்னால் இசக்கிமுத்து. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய கூண்டு. உடைந்த காரிலிருந்து அறுத்தெடுத்து, வளைந்த பைப்பை நிமிர்த்தி, பளபளவென்று நீலப் பெயிண்ட் அடித்திருந்தான். மஞ்சள் பெருக்கல் குறி பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. பைப்புகள் சேருகிற மூட்டு ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. மேலே ஒரு காய்ந்த கதம்ப மாலை.

"புது வண்டி வாங்கியாச்சு அண்ணாச்சி. இத அப்படியே அதுல ஏத்தணும்" என்றான்.

"கூறுகெட்ட மூதி, அவரு என்ன சொன்னாரு, ஒங்காதுல விழலியா?"

"விழுந்துச்சு. ஆனா அம்மா ஒத்துக்கிட மாட்டேங்கா. இனிமே ஓட்டணும்னா இந்தக் கூண்டு இருந்தாத்தான் ஓட்டணும்னு ஒரே முடிவாச் சொல்லிட்டா. ராசியான கூண்டாம். தெனமும் விளக்கு வைக்கா. எனக்கும்... பொய் சொல்லுவானேன், இதுக்குள்ள உக்காந்தாத்தான் பயமில்லாம இருக்கும்னு தோணுது."

தூத்துக்குடி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மைதானத்தில் டிரிஃப்ட் காட்சி ஒன்று நடக்க இருந்தது. கூண்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்களாம், அதற்குமேல் சோதனை கிடையாது. அதற்குள் வண்டி தயாராக வேண்டும். அவனை எப்படித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பைய ஒரு வார்த்தை சொன்னான். "நீங்க செய்யலேன்னா பரவால்ல அண்ணாச்சி. பைபாஸ்ல ஒருத்தர் நான் ஏத்தித் தாரேங்காரு."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் முடியாது என்று சொல்வது பெரிய வீரம் என்று நினைப்போம். முடியாது என்று நான் சொல்லியிருந்தால் என் கை சுத்தமாக இருந்திருக்கும். லோடு ஆட்டோ திரும்பி பைபாஸுக்குப் போயிருக்கும். அந்தக் கூண்டு இன்னொரு காருக்குள் ஏறியிருக்கும், அதற்குள் அவன் உட்கார்ந்திருப்பான். என் கை சுத்தமாக இருந்து அவனுக்கு என்ன லாபம்?

"எறக்கி வச்சிட்டுப் போ. பாக்கேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவன் போனதும் தேவசகாயம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. இத அப்படியே பாத்து அச்சு அசலாப் புதுசு ஒண்ணு செஞ்சிருவோம். இதே நீலப் பெயிண்டு, இதே எடத்துல குங்குமம். பழசக் கண்காணாம அறுத்துப் போட்டுருவோம். அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போவுது?"

"ஞாயித்துக்கெழம கோயில்ல பாட்டுப் பாடுத வாயா வே இது?"

"உயிரக் காப்பாத்தப் பொய் சொன்னா கர்த்தர் கோவிக்க மாட்டாரு" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், மனசில் முக்கால்வாசி தேவசகாயம் பக்கம்தான் இருந்தது. பையன் பிழைப்பான், தாய்க்கு நிம்மதி, யாருக்கும் நஷ்டமில்லை. மிச்சம் கால்வாசிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. புதுக் கூண்டு அவனைக் காப்பாற்றினால் பேர் பழைய கூண்டுக்குப் போகும். மூன்றாவது காருக்கும் அதையே கொண்டுவருவார்கள். அன்றைக்கு நான் இருப்பேனா, தேவசகாயம் இருப்பாரா? அதோடு, ஒரு தாய் தன் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கிறாள் என்றால் எதை நம்பிச் சம்மதிக்கிறாளோ அது அந்த வண்டியில் இருக்க வேண்டும். இல்லாத ஒன்றைக் காட்டி அவளிடமிருந்து சம்மதம் வாங்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

மறுநாள் கூண்டை லோடு ஆட்டோவில் ஏற்றி, தேவசகாயத்தையும் கூட்டிக்கொண்டு விக்கிரமசிங்கபுரம் போனேன். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காட்டுகிற சிவப்பு மருந்தும் வெள்ளைப் பூச்சும் தேவசகாயத்தின் பையில் இருந்தன. அம்பாசமுத்திரம் தாண்டி இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், எதிரே மலை. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அந்த அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் அம்மா பேச்சியம்மாள் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது, இசக்கிமுத்து ஒரே பிள்ளை. ஆட்டோவில் கூண்டைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, சாமியத் திருப்பிக் கொண்டாந்துட்டிய?"

வீட்டுக்குப் பின்னால், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில் அதை இறக்கினோம். தரையில் அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் சூடம் எரித்த தடமும் அப்படியே இருந்தன. இசக்கிமுத்துவும் கடையை அடைத்துவிட்டு வந்து சேர்ந்தான். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். மில்லில் வேலை பார்த்தவராயிற்றே, நூலைச் சொன்னால் விளங்கும் என்று ஒரு கெட்டிக்காரத்தனம். "யம்மா, ஒரு நூல ஒரு தடவ வெடுக்குன்னு இழுத்து விட்டா, பொறவு அதோட பலம்..."

"அண்ணாச்சி" என்று கையைக் காட்டி நிறுத்தினார். "நூலப் பத்தி எங்கிட்ட சொல்லாதிய. இரும்பப் பத்தி சொல்லுங்க."

தேவசகாயம் இருமுகிற மாதிரித் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியாதா?

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "இந்தக் கூண்டு அன்னைக்கு ஒங்க பிள்ளைக்கு விழ வேண்டிய அடியப் பூராவும் தான் வாங்கிக்கிட்டு. உள்ளே எங்கன ஒடஞ்சிருக்குன்னு வெளிய தெரியாது. இன்னொரு அடிய இது தாங்காது. மூட்டுல பெயிண்டச் சுரண்டி ஒரு சோதன வச்சுக் காட்டுதேன். நீங்களே பாருங்க."

"சாமியச் சுரண்டவா?" என்றார். கோபமில்லை, பயம்தான் இருந்தது. பிறகு உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து, பெரிய வளைவும் கதவுப் பக்கப் பைப்பும் சேருகிற மூட்டில் தான் வைத்த குங்குமத்தைத் தானே துடைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ம். செய்யுங்க" என்றார்.

தேவசகாயம் பெயிண்டைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, சிவப்பு மருந்தைத் தடவினார். வெடிப்பு இருந்தால் மருந்து அதற்குள் இறங்க வேண்டும், அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பேச்சியம்மாள் பேசினார். யாரைப் பார்த்தும் பேசவில்லை, கூண்டைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கு இவன் கூட்டாளிதான் போன் போட்டான். கார் உருண்டுட்டு அத்தேன்னான். அதோட போன் கட்டாயிட்டு. நான் திருப்பிப் போடுதேன், போடுதேன், எடுக்க மாட்டேங்கான். அந்தச் செத்த நேரத்துல நான் இவன எரிச்சு முடிச்சிட்டேன் அண்ணாச்சி. ஆத்தங்கரையில கொண்டுபோயி எல்லாம் முடிச்சிட்டேன். பொறவு இவனே கூப்புட்டு, அம்மா நான்தாங்கான். அன்னையில இருந்து எனக்கு வேற சாமி இல்ல."

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். இதை அவனும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறான் என்று தோன்றியது. இந்தக் கூண்டையா நான் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று ஒரு கணம் நினைத்தேன்.

மேலே இருந்த மருந்தைத் துடைத்துவிட்டு, வெடிப்புக்குள் இறங்கியதை வெளியே இழுத்துக் காட்டுகிற வெள்ளைப் பூச்சைத் தெளித்தார் தேவசகாயம். மூட்டு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. இசக்கிமுத்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். ஒரு மூட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கூண்டு நல்ல கூண்டு ஆகிவிடாது. ஆனால் அதை இனி இவர்களிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வேன்?

அப்போது வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது. மயிரிழை அளவுதான். மூட்டின் ஓரமாகவே வளைந்து போனது.

பேச்சியம்மாள்தான் முதலில் சொன்னார். "அது நான் வச்ச குங்குமம். சரியாத் தொடைக்கல."

"இருக்கட்டும்மா. நீங்களே தொடையுங்க. ஒங்களுக்குப் போதும்னு படுத மட்டும் தொடையுங்க" என்று தின்னர் துணியைக் கொடுத்தேன். அந்த அம்மாள் பாத்திரம் தேய்க்கிற மாதிரித் தேய்த்தார். வேறு துணி எடுத்து மறுபடியும் தேய்த்தார். இரும்பு கண்ணாடியாய் மின்னுகிற வரைக்கும் விடவில்லை. மறுபடியும் மருந்து, மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் வெள்ளை. அதே இடத்தில் அதே கோடு வந்தது. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நீளமாக.

இசக்கிமுத்து கொட்டகைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மஞ்சள் குறியின்மேல் நீலப் பெயிண்ட் அடித்த கை அவனுடையது.

பேச்சியம்மாள் அந்தக் கோட்டின்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். "கைக்குத் தெரியலியே" என்றார். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "பின்னமாயிட்டு."

அதற்குமேல் நான் விளக்க எதுவும் இல்லை. விரிசல் விட்ட சிலையைப் பூஜையில் வைக்கக் கூடாது என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு நாளும் பின்னமானதற்கா விளக்கு வைத்தேன் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு நேராக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

"புதுசு செஞ்சு தாரேம்பிய. அது இவனக் காப்பாத்துமா?"

தேவசகாயம் என்னையே பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு வாருங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரு சொல்தான். சொன்னால் அந்தத் தாய் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாதும்மா" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச மட்டும் நல்லாச் செய்வேன். அவ்வளவுதான் என் கையில இருக்கு. காப்பாத்தும்னு அடிச்சுச் சொன்னா அது பொய்யி. இந்த வெளையாட்டுல சாவு இருக்கு. கூண்டு அதக் கொஞ்சம் தள்ளி நிக்க வைக்கும். இல்லாம ஆக்காது."

வெளியே மில் பக்கமாகப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"மொதல்லயே இத ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே" என்றார். என்னைச் சொன்னாரா, மகனைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மகன் பக்கம் திரும்பினார். "எலே, தெரிஞ்சேதான் போறியா?"

"ஆமாம்மா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

"போகாம இருக்க முடியாதா?"

அவன் வெகு நேரம் யோசித்தான். யோசித்ததுதான் எனக்குப் பிடித்தது. "முடியாதும்மா" என்றான் கடைசியில்.

"சரி. இப்பம் நடக்கப்போற இந்த ஆட்டம் வேண்டாம். அண்ணாச்சி பைய செய்யட்டும். செஞ்சு முடிச்ச பொறவு நான் வந்து பாப்பேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

பழைய கூண்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பின்னமான சிலையை ஆற்றில் விடுகிற மாதிரி இதையும் விட்டுவிடலாம் என்றார். "தாமிரபரணியில இரும்பப் போட்டா குளிக்கிறவன் காலக் கிழிச்சிரும்மா" என்றேன். அன்று முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "அப்பம் அறுத்துப் போட்டுருங்க. துண்டு துண்டா அறுங்க. வேற எவன் கண்ணுலயும் பட்டு, எவனும் எடுத்து மாட்டிரப்பிடாது" என்றார். இந்த யோசனை எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார். இசக்கிமுத்து தன் கையாலேயே கிரைண்டர் பிடித்து அறுத்தான். பொறி பறந்தது. ஒவ்வொரு துண்டும் தரையில் விழுகிற சத்தம் உள்ளே அவருக்குக் கேட்டிருக்கும்.

புதுக் கூண்டு முடிந்ததும் அவர் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தார். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். சேலையைச் செருகிக்கொண்டு கதவுப் பைப்பைத் தாண்டி ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டார். நான் பெல்ட்டை இறுக்கினேன். கையை நீட்டி ஒவ்வொரு பைப்பாகத் தொட்டு, "இது என்னத்துக்கு? இது?" என்று கேட்டார். பக்கத்தில் இடித்தால் இது, கூரை அமுங்கினால் இது, தலை ஆடினால் படாமல் இருக்க இந்த மெத்தை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. மகன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. இறங்கியபின் "ஓட்டட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அவன் இன்றும் ஓட்டுகிறான். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் வண்டி முதலில் நம் பட்டறைக்குத்தான் வரும். நீங்களே பார்த்திருப்பீர்கள், மூட்டு மூட்டாக அவனே மருந்து தடவிப் பார்ப்பான். நாங்கள் தடவித் தரவா என்று கேட்காதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தக் கூண்டு நல்லது என்று என்னைக் கேட்டீர்களே, அந்த அம்மாள் கேட்ட கேள்வியை உங்களிடமும் ஒரு நாள் ஒருவர் கேட்பார். அப்போது உங்கள் வாயில் என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். பைப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

போன ஆயுத பூஜைக்கு இசக்கிமுத்து வண்டியைப் பட்டறையிலேயே வைத்துக் கும்பிட்டார்கள். பேச்சியம்மாள் தட்டோடு வந்திருந்தார். ஸ்டியரிங்கில் குங்குமம் வைத்தார், நான்கு டயருக்கும் வைத்தார், பானட்டில் பட்டையாகச் சந்தனம் தடவினார். உள்ளே குனிந்து கூண்டைப் பார்த்தார். கையைக் கொண்டுபோய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

தேவசகாயம் சும்மா இருக்க மாட்டாரே. "என்னம்மா, கூண்டுக்கு வைக்கலியா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "அங்கன செவப்பு தெரிஞ்சா அது வெடிப்பாத்தான் இருக்கணும். நான் வச்சதா இருக்கப்பிடாது."